ரெசொலூசனைக் குறைக்க வேண்டாம், எழுத்தைப் பெருப்பியுங்கள்

விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்ட லப்டொப்பில் எழுத்துச் சின்னதாகத் தெரிகிறது என்றால் எங்கள் ஊர்களில் உடனே செய்கிற வேலை ஒன்று இருக்கிறது: டிஸ்பிளே செற்றிங்ஸைத் திறந்து ரெசொலூசனை, அதாவது படத்தைக் கீறுகிற புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்துவிடுவது. எழுத்துப் பெருத்துவிடும், வீட்டுக்காரருக்கும் சந்தோசம். கொஞ்ச நாள் போக அதே மனிசர் கண் உளைகிறது, தலை இடிக்கிறது என்று சொல்லத் தொடங்குவார். கொம்பியூட்டர் பார்த்தால் அப்படித்தான் என்று வீட்டில் எல்லாரும் ஏற்றுக்கொண்டும் விடுவார்கள். அதை ஏற்றுக்கொள்ளத் தேவையே இல்லை.

விசுவமடுவில் இருந்து புதுக்குடியிருப்பு வரைக்கும் ஏ35 வீதியை ஒட்டின கிராமங்களில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கொம்பியூட்டர் பழக்கி வருகிறேன். என்னிடம் வருகிற லப்டொப்களில் அநேகமானவை கனடா, லண்டன், சுவிஸ் பக்கம் இருக்கிற உறவுகள் தாங்கள் பாவித்து முடித்து அனுப்பியவை. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய சிப்களைப் பொதுவாக ஏற்காது. நல்ல விசைப்பலகை, நல்ல திரை, ஆனால் சிப் ஆறாம் ஏழாம் தலைமுறை என்று வருகிற லப்டொப்பை எறிய மனம் வருமா? லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்டைப் போட்டுக் கொடுத்தால் இன்னும் பல வருசம் ஓடும். போட்டுக் கொடுத்த பிறகு வருகிற முதல் முறைப்பாடு இந்த எழுத்துத்தான்.

ரெசொலூசனைக் குறைத்தால் ஏன் கண் உளைகிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் லேசு. எல்சிடி திரையில் இருக்கிற பிக்சல்களின், அதாவது நிறப் புள்ளிகளின், எண்ணிக்கை செய்யும்போதே நிர்ணயிக்கப்பட்டது. 1920க்கு 1080 என்று செய்த திரையில் எந்நாளும் அத்தனை பிக்சல்கள்தான். அதை 1366க்கு 768 என்று குறைத்தால் திரையின் பிக்சல்கள் குறைவதில்லை. 1366 பிக்சலுக்குக் கீறின படத்தை 1920 பிக்சலில் இழுத்து விரிக்க வேண்டி வருகிறது. அதாவது ஒரு பிக்சலின் நிறம் ஏறத்தாழ 1.4 பிக்சலை நிரப்ப வேண்டும். திரையில் அரைப் பிக்சல், கால் பிக்சல் என்று ஒன்றும் இல்லாதபடியால் பக்கத்தில் உள்ளவற்றுக்கு இடைநிறம் கொடுத்துச் சமாளிக்கிறது. கறுப்பாக நிற்க வேண்டிய கோடு சாம்பலாகக் கசிகிறது. கண் அதைத் தெளிவாக்கப் பார்த்துப் பார்த்தே களைக்கிறது.

ஆங்கில எழுத்து இந்தக் கசிவைக் கொஞ்சம் தாங்கும். தமிழ் தாங்காது. ‘கொடி’க்கும் ‘கோடி’க்கும் நடுவில் இருப்பது கொம்பின் மேல் ஒரு சின்னச் சுழி. ‘கல’வுக்கும் ‘கல்’லுக்கும் நடுவில் ஒரு குற்று. ‘கிரி’, ‘கீரி’ என்றாலும் அப்படித்தான். மங்கலில் முதலில் காணாமல் போவது இந்தக் குற்றும் சுழியும்தான். வாசிக்கிறவர் எழுத்தைப் பாராமல் வசனத்தின் போக்கை வைத்து ஊகித்து வாசிக்கத் தொடங்குவார். செய்தி வாசிக்க அது காணும். காணி அனுமதிப்பத்திரத்தில் இருக்கிற பெயரையோ, பிள்ளையின் பரீட்சை விண்ணப்பத்தையோ ஊகித்து வாசிக்கக் கூடாது.

ஆகவே டிஸ்பிளேயில் ரெசொலூசனைத் திரையின் சொந்த அளவிலேயே விட்டுவிடுங்கள். பட்டியலில் மேலே நிற்கிற ஆகக் கூடிய அளவு அநேகமாக அதுதான். ‘ரெக்கமெண்டட்’ என்றும் பக்கத்தில் போட்டிருக்கக் கூடும். அதற்குப் பிறகு எழுத்தைத் தனியாகப் பெருப்பிக்க வேண்டும்.

சின்னதாகத் தெரிவதற்குக் காரணம் பழுது ஒன்றும் இல்லை. லினக்ஸ் டெஸ்க்ரொப்கள் சாதாரணமாக ஒரு அங்குலத்தில் 96 பிக்சல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுத்தைக் கீறுகின்றன. 14 அங்குலத்தில் 1366க்கு 768 உள்ள பழைய திரையில் அங்குலத்துக்கு 112 பிக்சல் அளவில் இருக்கும், பெரிய வித்தியாசம் இல்லை. அதே 14 அங்குலத்தில் 1920க்கு 1080 வந்தால் 157. 12.5 அங்குலச் சின்ன லப்டொப்பில் அதே 1920க்கு 1080 என்றால் 176. இப்போது எழுத்துக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். காகிதத்தில் 10 பொயின்ட் எழுத்து, மேலும் கீழும் சேர்த்து, 3.5 மில்லிமீற்றர் இடம் எடுக்கும். பழைய 14 அங்குலத் திரையில் அது 3 மில்லிமீற்றர். 12.5 அங்குலத் திரையில் 1.9 மில்லிமீற்றர்தான். கிட்டத்தட்டப் பாதி.

விசுவமடுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மகள் அனுப்பின லப்டொப் இந்தச் சின்ன வகை. “பிள்ளை, பேப்பர் வாசிக்க எனக்கு இந்தக் கண்ணாடி போதும். உதிலை மட்டும் ஏன் ஏலாமல் கிடக்கு?” என்று கேட்டார். நான் அடிமட்டத்தை எடுத்துப் பேப்பரில் உள்ள எழுத்தையும் திரையில் உள்ள எழுத்தையும் அவருக்கு அளந்து காட்டினேன். தன் கண்ணில் பிழை இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். வயது போனவர்கள் நிறையப் பேர் தங்களுக்குத்தான் ஏலாது என்று நினைத்து லப்டொப்பை மூடி அலுமாரிக்கு மேல் வைத்துவிடுகிறார்கள். அளந்து காட்டுங்கள். வெறும் விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்யும்.

சரிசெய்த இடம் இதுதான். லினக்ஸ் மின்டின் சினமன் டெஸ்க்ரொப்பில் சிஸ்டம் செற்றிங்ஸுக்குள் ‘பொன்ட் செலெக்சன்’ என்று ஒன்று இருக்கும். அதில் ‘ரெக்ஸ்ற் ஸ்கேலிங் பக்ரர்’. 1.0 என்று நிற்கும். அதைக் கூட்டக் கூட்ட மெனு, ஜன்னல் தலைப்பு, கோப்புப் பெயர் எல்லாம் அந்த இடத்திலேயே பெருக்கும். மீள இயக்கத் தேவையில்லை. எக்ஸ்எப்சிஈ என்ற மற்ற டெஸ்க்ரொப் போட்டிருந்தால் ‘அப்பியரன்ஸ்’, அதற்குள் ‘பொன்ட்ஸ்’, அதில் ‘கஸ்ரம் டிபிஐ’. 96ஐ 120 ஆக்கினால் 1.25 மடங்கு, 144 ஆக்கினால் ஒன்றரை மடங்கு. உபுண்டு என்ற மற்ற லினக்ஸ் வகையில் ‘அக்சசிபிலிற்றி’ பகுதியில் ‘லார்ஜ் ரெக்ஸ்ற்’ என்ற ஆளியைப் போட்டால் 1.25க்குப் போகும்.

எவ்வளவு கூட்டுவது என்பதை நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வேன். இளம் ஆட்கள் குனிந்து, முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், “இப்ப வடிவாத் தெரியுதுதானே” என்று கேட்பார்கள். மரியாதைக்காகப் பெரியவர்களும் ஓம் என்பார்கள். நான் செய்வது வேறு. அவர் வழக்கமாக இருக்கிற கதிரையில், வழக்கமான தூரத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, திரையில் சில சொற்களை மட்டும் போட்டு உரத்து வாசிக்கச் சொல்வேன்: கொடி, கோடி, கிரி, கீரி, மணம், மனம், வலி, வழி, வளி, கல, கல், களம், குளம். வசனமாகப் போட்டால் ஊகித்துவிடுவார்கள். தனிச் சொல்லில் ஊகிக்க ஏலாது. தடக்காமல் வாசிக்கிற அளவு வரும்வரை ஒவ்வொரு படியாகக் கூட்டுவேன். அந்த விசுவமடு ரீச்சர் 1.5இல் நிறுத்தினார். “இது காணும் பிள்ளை. இனிக் கூட்டினால் வரி முறிஞ்சு முறிஞ்சு போகுது, வாசிச்ச சுவை இல்லை.” சரியான பேச்சு. பெரிது என்பதற்காகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு வரியில் மூன்று சொல்தான் நிற்கும். வாசிப்பு ஓடாது.

பழைய 1366க்கு 768 திரைகளில் இன்னொரு எல்லை இருக்கிறது. எழுத்தை 1.3க்கு மேல் கூட்டினால் சில ஜன்னல்களின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடும். ‘ஓகே’ பொத்தான் கண்ணில் படாது. செற்றிங்கை மாற்றிவிட்டுச் சேமிக்க வழி தெரியாமல் நிற்பார்கள். ஓல்ற் விசையை அமர்த்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலின் எந்த இடத்திலாவது மவுஸால் பிடித்து மேலே இழுத்தால் ஜன்னல் வரும், பொத்தானும் வரும். சினமனிலும் எக்ஸ்எப்சிஈயிலும் ஓல்ற், உபுண்டுவில் விண்டோஸ் அடையாளம் போட்ட விசை. இந்த ஒன்றை எல்லாருக்கும் கட்டாயம் பழக்கிவிடுங்கள்.

டிஸ்பிளேக்குள்ளேயே 125, 150 வீதம் என்று முழுத் திரையையும் பெருப்பிக்கிற வசதியும் இருக்கிறது. மின்ட் 20, அதாவது 2020 தொடக்கம் சினமனில் இது வந்தது. படம், ஐகன், பொத்தான் எல்லாம் எழுத்தோடு சேர்ந்து பெருப்பதால் பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே நடப்பது, முதலில் திரையை அதைவிடப் பெரிதாகக் கீறிப் பிறகு சுருக்குவது. பழைய சிப்புக்கு அது கூடின வேலை. விசிறி சத்தம் போடும், பற்றரி கெதியாக இறங்கும். கரண்ட் நிற்கிற நாட்களில் பற்றரியை நம்பித்தான் பிள்ளை படிக்கிறது என்றால் இந்தப் பக்கம் போகாமல், எழுத்தை மட்டும் பெருப்பித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். நல்ல புதிய லப்டொப் என்றால் தாராளமாகப் பாவியுங்கள்.

அடுத்தது பிரவுசர். மெனு எழுத்துக் கூடின பிறகுதான் பயர்பொக்ஸைத் தொட வேண்டும். ஏனென்றால் பயர்பொக்ஸ் நீங்கள் கொடுத்த எழுத்துப் பெருக்கத்தைத் தானும் எடுத்துக்கொள்கிறது. முதலே பிரவுசரில் 150 வீதம் வைத்துவிட்டுப் பிறகு மற்றதைக் கூட்டினால் இரண்டும் பெருகி, பக்கம் திரைக்குள் அடங்காது. கொன்ட்ரோலும் கூட்டல் குறியும் அமர்த்தினால் பெருக்கும், கொன்ட்ரோலும் பூச்சியமும் பழையபடி கொண்டுவரும். ஒவ்வொரு தளத்துக்கும் நீங்கள் வைத்த அளவை அது ஞாபகம் வைத்திருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று பயர்பொக்ஸின் செற்றிங்ஸில் எழுத்துருப் பகுதிக்குள் ‘அட்வான்ஸ்ட்’ என்பதற்குப் பின்னால் இருக்கிறது. அங்கே எந்த மொழிக்கான எழுத்துரு என்று கேட்கும் பட்டியலில் தமிழ் இருக்கிறது. தமிழைத் தெரிவுசெய்து அதற்கு மட்டும் எழுத்துருவும் அளவும் கொடுக்கலாம். இதற்குக் கீழே எந்த எழுத்தும் போகக் கூடாது என்று ஆகக் குறைந்த அளவும் கொடுக்கலாம். நான் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை வைத்து ஆகக் குறைந்த அளவை 18 ஆக்கிவிடுவேன். ஆங்கிலப் பக்கங்கள் இருந்தபடி இருக்கும், தமிழ்ப் பக்கங்கள் மட்டும் வளரும். தன்னைத் தமிழ்ப் பக்கம் என்று உள்ளே குறித்துவைத்திருக்கிற தளங்களில்தான் இந்த அளவு ஒழுங்காகப் பிடிக்கும். மற்றவற்றுக்குக் கொன்ட்ரோல், கூட்டல்தான். முகவரிப் பட்டையில் சின்னத் தாள் போல ஒரு அடையாளம் தெரிந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள். விளம்பரம் எல்லாம் போய், கட்டுரை மட்டும் நீங்கள் விரும்பின அளவில் நிற்கும்.

இனிக் கடிதம் அடிக்கிற லிப்ரே ஒபிஸ். இதில்தான் எங்கள் ஆட்களின் காசு வீணாகிறது. கமக்காரர் அமைப்புக் கணக்கு எழுதுகிற அண்ணை ஒருவர் கடிதம் அடிக்கும்போது கண்ணுக்குத் தெரிவதற்காக எழுத்தை 12இல் இருந்து 20 ஆக்குவார். அடித்து முடித்துப் பென் டிரைவில் பிரின்ட் எடுக்கிற கடைக்கு, கொமினிகேசனுக்கு, கொண்டுபோனால் ஒரு பக்கக் கடிதம் மூன்று பக்கமாக வரும். எழுத்தின் அளவு காகிதத்துக்குரியது. உங்கள் கண்ணுக்குரியது ஜன்னலின் வலது கீழ் மூலையில் இருக்கிற சூம் கோடு. அதை 160, 180 என்று இழுத்துவிட்டு எழுத்தை 12இலேயே விடுங்கள். “தம்பியவை ஒருத்தரும் உதைச் சொல்லேல்லையே” என்று அண்ணை கேட்டார். இப்போது பிரதேச செயலகத்துக்குப் போகிற கடிதம் ஒரே பக்கத்தில் போகிறது.

ஸ்கான் பண்ணின கோப்புக்கு மேலே சொன்ன ஒன்றும் உதவாது. யுத்தத்துக்குப் பிறகு பத்திரங்களைத் தேடி எடுத்து, மிஞ்சினதை ஸ்கான் பண்ணி வைத்திருக்கிற குடும்பங்கள் வன்னியில் அநேகம். அது எழுத்து அல்ல, படம். பிடிஎப் திறக்கிற செயலியில் பெருப்பித்துத்தான் பார்க்க வேண்டும். பக்கத்தின் அகலத்துக்குப் பொருத்துகிற தெரிவைப் பழக்கிவிட்டால் வலம் இடம் இழுக்கத் தேவையில்லாமல் மேலிருந்து கீழே உருட்டிப் போகலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களைப் பிடிஎப்பாக இறக்கி வாசிக்கிற பிள்ளைகளுக்கும் இதுவே வசதி.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு திறந்ததும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாக வந்தால் திரையைக் குழப்பாதீர்கள். அதற்கும் ரெசொலூசனுக்கும் சம்பந்தம் இல்லை. பாமினி இப்போது பொதுவாகப் பாவிக்கிற யூனிகோட் முறை அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவம் வைத்த எழுத்துரு. அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸில் திறந்து ‘இன்ஸ்ரோல்’ கொடுத்தால் கடிதம் தமிழாக மாறும்.

பாடசாலை மண்டபத்தில் புரொஜெக்டரோடு இணைத்துவிட்டுக் கழற்றின பிறகு லப்டொப் மங்கலாக நிற்கிறது என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. இரண்டு திரையிலும் ஒரே காட்சி வேண்டும் என்று கேட்டால் இரண்டுக்கும் பொதுவான ரெசொலூசனுக்கு இறங்க வேண்டி வரும், பழைய புரொஜெக்டர் என்றால் 1024க்கு 768. வயரைக் கழற்றின பிறகும் அது அப்படியே நின்றுவிடலாம். டிஸ்பிளேக்குப் போய்ச் சொந்த அளவைத் திரும்பத் தெரிவுசெய்தால் சரி. புதிய அளவைத் தெரிவுசெய்ததும் ‘இதை வைத்திருக்கவா’ என்று ஒரு கேள்வி வரும். பதில் சொல்லாமல் விட்டால் சில வினாடியில் பழைய நிலைக்கே போய்விடும். அதனால் பயப்படாமல் முயன்று பார்க்கலாம். திரை கறுத்துப் போனாலும் கை வைக்காமல் பொறுத்திருங்கள், தானாக வரும்.

டிஸ்பிளேயில் சொந்த அளவே இல்லை, 1024க்கு 768 அல்லது அதற்கும் குறைந்த ஒன்று மட்டும் நிற்கிறது என்றால் விசயம் வேறு. திரையை இயக்குகிற மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் ஓடவில்லை. நான் கண்ட லப்டொப்களில் அநேகமான காரணம், மின்டை ‘கொம்பாற்றிபிலிற்றி மோட்’ வழியாக நிறுவினது. அந்த வழியில் ‘நோமோட்செற்’ என்ற ஒரு சொல் தொடக்க அமைப்பில் சேர்ந்து நிற்கக் கூடும். அது டிரைவர் திரையைப் பொறுப்பெடுக்க விடாமல் தடுக்கும். லினக்ஸைத் தொடக்கிவிடுகிற கிரப்பின் அமைப்புக் கோப்பில் இருந்து அந்தச் சொல்லை எடுத்து, கிரப்பைப் புதுப்பித்து, மீள இயக்கினால் திரை தன் அளவுக்கு வந்துவிடும். என்விடியா சிப் உள்ளதென்றால் ‘டிரைவர் மனேஜர்’ திறந்து அது சிபார்சு செய்கிற டிரைவரைப் போட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

எல்லாம் செய்தும் ஒருவருக்கு வாசிக்கக் கடினமாக இருந்தால் கண்ணாடியைக் கேளுங்கள். வெள்ளெழுத்துக்குக் கொடுக்கிற கண்ணாடி புத்தகம் பிடிக்கிற தூரத்துக்கு, ஏறத்தாழ 40 சென்ரிமீற்றருக்கு அளந்தது. மேசையில் வைத்த லப்டொப் 50, 60 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கும். ஒன்றில் திரையைக் கிட்டக் கொண்டுவர வேண்டும், அல்லது தான் இருக்கிற தூரத்தை அளந்து கண் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கண்புரை இருந்தால் எழுத்தைப் பெருப்பிப்பது ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். விறாந்தையில் முற்றத்து வெயிலுக்கு முதுகு காட்டி இருந்தால் திரையில் முற்றம்தான் தெரியும். சுவர் முதுகுக்குப் பின்னால் வரும்படி கதிரையைத் திருப்பிப் போடுங்கள்.

ஒரே லப்டொப்பை அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் பாவிக்கிற வீடுகள்தான் இங்கே கூட. அம்மம்மாவுக்கு வைத்த எழுத்து பேரனுக்கு இடைஞ்சல், பேரன் குறைத்தால் அம்மம்மாவுக்குத் தெரியாது. இருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்குத் திறந்துவிடுங்கள். எழுத்துப் பெருக்கம், பயர்பொக்ஸ் அளவு எல்லாம் கணக்குக்குக் கணக்குத் தனியாக நிற்கும். லினக்ஸைப் புதிதாக நிறுவும்போது இவை அழிந்துபோகலாம். அதனால் யாருக்கு எந்த இலக்கம் என்று ஒரு துண்டில் எழுதி லப்டொப்பின் அடியில் ஒட்டிவிடச் சொல்வேன்: அம்மம்மா 1.5, பயர்பொக்ஸ் தமிழ் 18, தம்பி 1.2.